அந்த 31 முடிவுகள்

ஜனவரி 5, 2026, திங்கள்

மதியச் சாப்பாட்டில், புதிதாகச் சேர்ந்த பெண் கைபேசியை நீட்டி, "அக்கா, இது நீங்கதானே?" என்றாள். என் பெயரின் முன்பாதி, கணவராக இருந்தவர் பெயரின் பின்பாதி, கூடவே 2007. கல்யாணமான புதிதில் ஆசையாகக் கோத்து வைத்த பயனர் பெயர். விவாகரத்தாகி ஒன்பது வருடம் ஆகிறது. நெஞ்சு படபடத்தது.

இரவு அந்தப் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். 31 முடிவுகள். சமையல் குறிப்புகள், வாடகை வீடு விசாரித்தது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பதறிக் கேட்டது. ஒன்றில் பாப்பாவின் முதல் பிறந்தநாள் படம், முழுத் தேதியோடு. பின்னால் நின்ற மகள், "என்னைக் கேக்காமலே போட்டிருக்கியேம்மா" என்றாள். அப்போது அவளுக்கு ஒரு வயது. அதைச் சொல்லித் தப்பிக்க மனம் வரவில்லை.

ஜனவரி 7, புதன்

பழைய தகவலை நீக்கக் கேட்கும் கூகுள் படிவத்தில் நேற்று ஏழு முகவரிகள் கொடுத்தேன். ஏழும் நிராகரிப்பு. பக்கம் இன்னும் அங்கேயே இருக்கிறதாம். மூலப் பக்கம் அழிந்த பிறகோ மாறிய பிறகோ தேடலில் தங்கிவிட்ட பழைய சுவட்டைத் துடைக்கத்தான் அந்தப் படிவம். ஆக, முதல் வேலை மூலத்தில்.

ஜனவரி 9, வெள்ளி

பெரிய தவறு செய்துவிட்டேன். ஒரு தளத்தில் கணக்கையே நீக்கினேன். எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். நான் எழுதியவை அப்படியே நிற்கின்றன, மேலே 'நீக்கப்பட்ட பயனர்' என்று மட்டும் மாறியிருக்கிறது. கீழே பதில் சொன்னவர்கள் எல்லாரும் பழைய பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். இனி உள்ளே நுழைந்து திருத்தவும் வழியில்லை. ஒவ்வொரு பதிவாக அழித்து, பெயரை மாற்றி, கடைசியில்தான் கணக்கை மூடியிருக்க வேண்டும். யாராவது என்னிடம் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். தளத்தை நடத்துபவருக்கு மடல் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 14, போகி

படம் இருந்த தளத்தின் கடவுச்சொல் நினைவில்லை. மீட்கலாமென்றால், அதோடு இணைத்த மின்னஞ்சல் பல வருடம் திறக்காமல் மூடப்பட்டுவிட்டது. இன்று பரணைச் சுத்தம் செய்யும்போது, பாப்பாவின் தடுப்பூசி அட்டைக்குள் ஒரு சின்ன நோட்டு. என் கையெழுத்தில் எல்லாக் கடவுச்சொற்களும்! நைட்டியோடு தரையில் உட்கார்ந்தே உள்ளே நுழைந்தேன். படத்தை அழி என்ற பொத்தானை மகளையே அழுத்தச் சொன்னேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பக்கம் போயும் படத் தேடலில் படம் வருகிறது. படக் கோப்புக்குத் தனி முகவரி. அதற்குத் தனியாக இன்னொரு கோரிக்கை. இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் ஒரு நகல் கிடந்தது. அவர்களுக்கு முகவரியைக் குறிப்பிட்டு, குழந்தையின் படம் என்று காரணம் எழுதி அனுப்பினேன்.

ஸ்பெயினில் ஒருவர் கொடுத்த இப்படிப்பட்ட புகார் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அவர் பெயர் மரியோ கோஸ்தெஹா. கடனுக்காக அவர் வீடு ஏலம் என்று 1998இல் ஒரு நாளிதழில் வந்த அறிவிப்பு, கடன் தீர்ந்த பிறகும் அவர் பெயரைத் தேடினால் வந்துகொண்டிருந்தது. 2014 மே 13 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நாளிதழின் பக்கம் அப்படியே இருக்கும், பெயரைத் தேடினால் மட்டும் வரக்கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். நம் நாட்டில் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, நம் தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தருகிறது. விதிகள் வரவே 2025 நவம்பர் ஆனது, அந்தப் பிரிவு நடைமுறைக்கு வர இன்னும் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். பொறுக்க முடியவில்லை. என் மகள் வளர்ந்துகொண்டிருக்கிறாள்.

ஜனவரி 25, ஞாயிறு

நான்கு மீதம். பிறந்தநாள் படம் எங்கும் இல்லை. மகள் மூன்று முறை தேடிப் பார்த்துவிட்டாள்.

மீதமுள்ளவற்றில் ஒன்று, அம்மாவின் வத்தக்குழம்பு. நான் அந்தப் பெயரில் எழுதியது. கீழே எத்தனையோ பெண்கள் நன்றி சொல்லியிருக்கிறார்கள். முதல் பிரசவத்துக்குப் பிறகு வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டது இதைத்தான் என்று ஒருத்தி. நீக்கச் சொல்லி மடல் எழுதிக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தாள். "உன் பேரை எடு. என் குழம்பை எதுக்குடி எடுக்கறே?"

மடலை அழித்துவிட்டு வேறு எழுதினேன். குறிப்பு இருக்கட்டும், பெயரை மட்டும் மாற்றித் தாருங்கள் என்று. சாயங்காலமே பதில் வந்தது: என்ன பெயர் போட வேண்டும்? அம்மாவின் முழுப் பெயரை அனுப்பினேன். அவளை உட்கார வைத்துக் குறிப்பை வாசித்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்டவள், நடுவில் நிறுத்தினாள்.

"நல்லெண்ணெய் மூணு கரண்டின்னா போட்டிருக்கே? நாலுடி. அதையும் மாத்தச் சொல்லு."