வண்டி யாருது?

இருபது வருஷமாக நான் செய்வது கட்டம் போடும் வேலை. இடப்பக்கம் அமெரிக்கா, மேலே சீனா, நடுவே நாலு அறை, அறைக்கு இரண்டு எண், ஆளுக்கு ஒரு லாபம். ஆட்டக் கோட்பாடு கற்க வரும் பிள்ளைகள் நாஷ் வாங்கிய நோபல் பரிசைப் பற்றிக் கேட்பார்கள். நான் பென்சிலையும் ரப்பரையும் நீட்டுவேன். கட்டம் போட ஐந்து நிமிஷம்; எண் போடத்தான் மாதக்கணக்கு.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த வாத்தியார், தேக்கா உணவங்காடியில் தே ஓ ஆறிப்போவது தெரியாமல் ஒரே அறையைப் பார்த்துக்கொண்டிருப்பார். 2016 நவம்பரில், தைவானில் பயிற்சி முடித்துத் திரும்பிய 9 டெரெக்ஸ் கவச வாகனங்களை ஹாங்காங் சுங்கத்துறை பிடித்துவைத்தது. செய்தி வந்த இரவே வாஷிங்டனையும் பெய்ஜிங்கையும் வைத்து அழகாக ஒரு கட்டம் போட்டு எடுத்துப்போனேன். பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. வண்டி யாருது?” சிங்கப்பூரையே விட்டிருந்தேன்! மூன்றாவது ஆள் வந்தால் அந்த நாலு அறை போதாது. மரம் வரைந்து, நுனியிலிருந்து அடிக்கு இறங்கிவர வேண்டும். உத்தரவு பெய்ஜிங்கிலிருந்து வந்ததா, சுங்கத்துறை தானாகச் செய்ததா என்பது நமக்குத் தெரியாதே, அந்தக் கணுவை இரண்டாகப் பிளக்கச் சொன்னார். 2017 ஜனவரியில் வண்டிகள் வீடு திரும்புவதற்குள் ஒரு ரப்பர் தீர்ந்தது.

இன்னொரு தவறு இதைவிடப் பெரியது. 2018 அமெரிக்க-சீன வரிப்போருக்குக் ‘கைதியின் இக்கட்டு’ என்ற ஆட்டம் ஓரளவு பொருந்தியது. அதே கட்டத்தைக் கடலுக்கும் மாட்டினேன். அந்த ஆண்டு செப்டம்பரில், தென்சீனக் கடலில் அமெரிக்காவின் டெகேட்டர் கப்பலை ஒரு சீனப் போர்க்கப்பல் 45 கெஜம்வரை நெருங்கியிருந்தது. வாத்தியார், 4 சிறந்தது, 1 மோசமானது என்று நான் போட்ட 4, 3, 2, 1 வரிசையில் 2, 1 இரண்டை மட்டும் இடம் மாற்றினார். வரியில் ஆக மோசமானது, நாம் மட்டும் விட்டுக்கொடுத்து ஏமாறுவது. கடலில் ஆக மோசமானது, இருவரும் விலகாமல் மோதுவது. இரண்டு எண் மாறியதும் ஆட்டமே ‘சிக்கன்’ ஆகிவிட்டது. முன்னதில் எதிராளி என்ன செய்தாலும் முறுக்கிக்கொண்டு நிற்பதே லாபம். இதில் அவன் முறுக்கினால் நாம் விலகுவதே லாபம். நான் எழுதிய ஆலோசனை தலைகீழ்.

எண் போடுமுன் பழைய செய்திகளைப் புரட்டுங்கள். 2023 ஷங்ரி-லா கலந்துரையாடலில் அப்போதைய சீனப் பாதுகாப்பு அமைச்சர் லீ ஷாங்ஃபு, அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டினுடன் கைகுலுக்கினார், தனிப்பேச்சுக்கு உட்காரவில்லை. வெறும் வீம்பு என்று எண் போட்டிருந்தேன். 2018 முதல் அவர்மீது அமெரிக்கத் தடை இருந்ததைச் சேர்த்த பிறகுதான், உட்காருவதே அவருக்கு விலை கூடியது என்று உறைத்தது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வேலை. அமெரிக்கப் படைகள் நம் தளங்களைப் பயன்படுத்தும் 1990 உடன்பாட்டை, 2019 செப்டம்பரில் சிங்கப்பூர் 2035 வரை நீட்டித்தது. அடுத்த மாதமே சீனாவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை விரிவாக்கிக் கையெழுத்திட்டது. இரண்டையும் ஒரே மரத்தில் வரைந்து வாருங்கள். பேனா வேண்டாம்.