எண்ணிப் பார்க்கும் வேலை

செம்புத் தகடொன்றின் மீது ஊதா கடந்த ஒளி பட்டால் அதிலிருந்து இலத்திரன்கள் வெளியேறும். 1887 இல் ஹேர்ட்ஸ் என்ற ஜேர்மன் விஞ்ஞானி இதன் முதல் அடையாளத்தைக் கண்டார். 1905 இல் ஐன்ஸ்டைன் காரணத்தை விளக்கினார். இன்று துணிக்கை ஆர்முடுக்கிகள் பலவற்றுக்கு இலத்திரன்களை வழங்குவது இத்தகைய தகடுகளே. இவற்றை ஒளிக்கதோட்டு என்பர். ஆர்முடுக்கியில் பொருத்துமுன் இவற்றின் தரத்தை அளப்பதே இங்கிலாந்தில் எனது வேலை.

கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றினாலும் செய்முறை விளங்கக்கூடியதே. வெற்றிடக் கலத்தினுள் தகட்டை வைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சுவோம். ஒளியின் வலுவை ஒரு மானி காட்டும். அதிலிருந்து ஒளித் துணிக்கைகள் எத்தனை என்று கணக்கிடலாம். வெளியேறும் இலத்திரன்களின் மின்னோட்டத்தை இன்னொரு மானி காட்டும். இலத்திரன்களின் தொகையை ஒளித் துணிக்கைகளின் தொகையால் வகுத்தால் விடை வரும். செம்பில் பல்லாயிரம் ஒளித் துணிக்கைகளுக்கு ஓர் இலத்திரன்தான் வெளிவரும். சீசியமும் தெலூரியமும் சேர்ந்த புதிய படலத்தில் நூற்றுக்குப் பத்தளவில் வரும். ஆனால் அந்தப் படலம் சிறிதளவு ஒட்சிசன் பட்டாலும் கெடத் தொடங்கிவிடும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. இலத்திரன்கள் பக்கவாட்டில் சிதறாமல் செல்லவும் வேண்டும். அவற்றை ஒளிரும் திரையில் விழச்செய்து, தோன்றும் பொட்டின் அகலத்தை அளப்போம். பொட்டு சிறிதானால் கற்றை நல்லது. ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் 2017 முதல் இயங்கும் 3.4 கிலோமீற்றர் நீளமான எக்ஸ் கதிர் லேசர் நிலையமும் இப்படியொரு சிறு படலத்திலிருந்துதான் தொடங்குகிறது. அங்கே புரதங்களின் வடிவத்தைக்கூட ஆராய்கிறார்கள்.

நான் 1995 இடப்பெயர்வின் பின் மரநிழலில் படித்தவள். மின்மானியைப் புத்தகப் படத்தில் மட்டும் பார்த்தே உயர்தரப் பரீட்சை எழுதினேன். என் அக்கா 2009 இல் கணவரை இழந்து, தையலால் பிள்ளைகளை வளர்ப்பவர். தகப்பன் முகம் அறியாத கடைசி மகள், என் பெறாமகள், கணிதப் பிரிவில் படிக்க ஆசைப்பட்டாள். "பொம்பிளைப் பிள்ளைக்குப் பௌதிகவியல் எதுக்கு?" என்று அயலவர் கேட்டார்களாம். அக்காவும் தயங்கி என்னைக் கேட்டார்.

வேலை நிச்சயம் என்று நான் வாக்களிக்கவில்லை. பாடம் கடினம், ரியூசன் செலவு கூட, பல்கலைக்கழக அனுமதிக்குப் போட்டி அதிகம் என்று உள்ளதைச் சொன்னேன். எனது மேசையில் நாள்தோறும் நடப்பதையும் சொன்னேன். அளப்பது, எழுதி வைப்பது, மறுபடி அளந்து சரிபார்ப்பது. துணியில் கத்தரிக்கோல் வைக்குமுன் இரண்டுமுறை அளக்கும் அக்காவுக்கு அது உடனே விளங்கியது.

சகோதரிகளே, எங்கள் பிள்ளைகள் எதைப் படிப்பது என்பதை அயலவரின் கேள்வி தீர்மானிக்க வேண்டியதில்லை. பிள்ளையின் விருப்பத்தைக் கேளுங்கள். ஆசிரியரிடம் விசாரியுங்கள். செலவையும் கணக்குப் பாருங்கள். அதன்பின் முடிவெடுங்கள்.

பெறாமகள் கணிதப் பிரிவில் சேர்ந்துவிட்டாள். ரியூசன் காசில் பாதி அக்காவின் தையலில் வருகிறது. மீதியை நான் அனுப்புகிறேன்.