கையெழுத்து வாங்கினேன்

கனடாவில் டெக்னிக்கல் ரைட்டராக எனக்குக் கிடைத்த முதல் வேலையை ஒரு பொய் சொல்லி வாங்கினேன். படிப்பைப் பற்றியோ பழைய சம்பளத்தைப் பற்றியோ சொன்ன பொய் அல்ல அது. கடலூரில் என்னோடு வேலை செய்த மனிதர்களுக்கு நான் செய்யாத ஒன்றைச் செய்ததாகச் சொன்னேன்.

அண்ணாமலைநகரில் கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் சாலையில் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் சேர்ந்தேன். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ். உற்பத்திப் பிரிவில் வேலை, கூடவே எஸ்.ஓ.பி. எனப்படும் செய்முறைத் தாள்களை எழுதும் பொறுப்பும் என்னிடம் வந்தது. எந்த வால்வை எப்போது திறப்பது, ரியாக்டரில் எதை முதலில் விடுவது, ஆசிட் மேலே பட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கவேண்டும். வேலை பார்த்தவர்களில் பலர் குடிகாடு, ஈச்சங்காடு பக்கத்து ஆட்கள், நிறையப் பேர் காண்ட்ராக்ட். டீ நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று தினத்தந்தியை ஒரு வரி விடாமல் படிப்பார்கள். நான் எழுதியது அத்தனையும் ஆங்கிலத்தில். அதுவும் வேலையைச் செய்யவேண்டியவர் யார் என்றே பிடிபடாத நீள நீள வாக்கியங்களில்.

யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் ஆடிட்டர் படித்துத் தலையாட்ட வேண்டும், இந்தப் பையனுக்கு இங்கிலீஷ் நன்றாக வருகிறது என்று மேலதிகாரி நினைக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நான் படித்த பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. தமிழாய்வுக்கும் தமிழிசைக்கும் பேர்போனது. அங்கே படித்து வந்த எனக்கு, ரியாக்டர் பக்கத்தில் நிற்கிறவருக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று தோன்றவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். தோன்றியது. அதில் எனக்குப் பெருமை எதுவும் கிடைக்காது என்பதால் விட்டுவிட்டேன்.

சட்டமும் எனக்குத் தெரியும். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆலையில் உள்ள ஆபத்துகளைத் தொழிலாளிக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது அது. அதே சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலையில் மாட்டவேண்டிய அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்கவேண்டும் என்றது. சுவரில் தமிழ்ப் பலகைகள் இருந்தன. செய்முறைத் தாள் அறிவிப்புப் பலகை ஆகாதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிற நேரமாகப் பார்த்துப் பயிற்சிப் பதிவேட்டை நீட்டுவேன். ‘படித்துப் புரிந்துகொண்டேன்’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்த வரிக்குக் கீழே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னை நம்பித்தான் போட்டார்கள்.

நான் இருந்தவரை அந்தத் தாள்களால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்தப் பெருமை என்னுடையதல்ல. அங்கே ஒரு மூத்த ஆப்பரேட்டர் இருந்தார். அடர் கந்தக அமிலத்தை நீர்க்க வைக்கும்போது தண்ணீரில்தான் ஆசிட்டைச் சிறுகச் சிறுக விடவேண்டும். மாற்றி ஆசிட்டில் தண்ணீரை விட்டால் சூடு ஒரே இடத்தில் கிளம்பிக் கொதித்து முகத்தில் தெறிக்கும். புதிதாக வரும் ஒவ்வொரு பையனையும் பக்கத்தில் நிறுத்தி, முதல் தடவை தானே செய்துகாட்டி, இரண்டாம் தடவை அவன் கையால் செய்யவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். எந்த வால்வு பாதியில் இறுகும், எந்த மானியின் முள் சிக்கிக்கொள்ளும் என்பதும் அவருக்குத்தான் தெரியும். அதில் ஒரு சொல்கூட என் தாளில் ஏறவில்லை. நான் அவரிடம் கேட்கவே இல்லை.

அதே வட்டாரத்தில், 2004 வாக்கில், கிராமத்து ஆண்களும் பெண்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு தங்கள் ஊர்க் காற்றைக் கண்காணிக்கத் தொடங்கியிருந்தார்கள். என்ன வாடை, எந்த நேரம், காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது, உடம்பை என்ன செய்தது என்று குறித்துவைத்தார்கள். காற்று மாதிரியும் பிடித்து ஆய்வுக்கு அனுப்பினார்கள். படிக்கிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று யோசித்து எழுதிய குறிப்புகள் அவை. தொழில்நுட்ப எழுத்து என்று இன்று நான் எதைச் சொல்கிறேனோ அதை அவர்கள் மதிலுக்கு வெளியே செய்துகொண்டிருந்தபோது, மதிலுக்கு உள்ளே சம்பளம் வாங்கிக்கொண்டு நான் அதைச் செய்யவில்லை.

2013இல் டொராண்டோ போனேன். ‘கனடா அனுபவம்’ இல்லை என்று கதவுகள் மூடின. அந்த ஆண்டுதான் ஒண்டாரியோ மனித உரிமை ஆணையம், அப்படிக் கேட்பதே பாகுபாடு என்று கொள்கை வெளியிட்டது. கேட்பது அதனால் நின்றுவிடவில்லை. ஸ்கார்பரோவில் ஒரு கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ‘விமிஸ்’ பயிற்சி கொடுத்தார்கள். வேலையிடத்து ஆபத்தான பொருள்களைப் பற்றி 1988 முதல் கனடாவில் உள்ள ஏற்பாடு அது. பயிற்சி கொடுத்த பெண் என்னைவிட இளையவர். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன், தடுத்தார். ஒரு துப்புரவுத் திரவப் போத்தலை என் கையில் கொடுத்து, இது கண்ணில் பட்டால் என்ன செய்வாய், இதன் பாதுகாப்புத் தகவல் தாளில் தேடிச் சொல் என்றார். கண் கழுவும் இடத்துக்கு நடந்து காட்டச் சொன்னார். கெமிக்கல் இன்ஜினியரான நான் திசை தெரியாமல் தடுமாறினேன். தெரிந்துகொண்ட பிறகுதான் பதிவேடு என்னிடம் வந்தது. ஒண்டாரியோ மாகாணத்து விதியே அப்படித்தான்: பயிற்சி முடிந்தால் தொழிலாளி அந்தத் தகவலைப் பயன்படுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தவராக இருக்கவேண்டும். அன்று இரவு முழுக்கக் கடலூர்ப் பதிவேடும் அதிலிருந்த கையெழுத்துகளும் என்னை விடவில்லை.

2015இல் விமிஸ் விதிகள் மாறின. ரசாயனங்களை வகைப்படுத்தும் உலகப் பொது முறைக்கு ஏற்பப் பாதுகாப்புத் தகவல் தாள்களையெல்லாம் 16 பகுதிகளாக, ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் திருத்தவேண்டி வந்தது. ரசாயனம் தெரிந்த எழுத்தாளர்களைத் தேடினார்கள். விண்ணப்பித்தால் எழுத்து மாதிரி கேட்பார்கள். பழைய ஆலையின் தாளைக் காட்டுவது முறையல்ல. அதனால் ஆசிட்டை நீர்க்கவைக்கும் முறையை நினைவிலிருந்து புதிதாக எழுதினேன். ஒரு படிக்கு ஒரு வேலை. எச்சரிக்கை அந்தப் படிக்கு முன்னால், பின்னால் அல்ல. இரண்டு படங்கள். மூத்த ஆப்பரேட்டர் சொல்லிக்கொடுத்த வரிசை அப்படியே வந்து உட்கார்ந்தது. எழுத எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. ஆலையில் இருந்த வருடங்களில் எந்த வாரத்திலும் இதை எழுதியிருக்கலாம்.

நேர்முகத்தில் மாதிரியைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள்: படித்தவர்களுக்குப் புரிந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கிடங்குப் பெண் எனக்குச் செய்ததை, நான் கடலூரில் செய்ததாகச் சொன்னேன். ஒவ்வொருவரையும் செய்துகாட்டச் சொல்வேன், அவர்கள் மொழியிலேயே கேட்பேன், பிறகுதான் கையெழுத்து வாங்குவேன் என்றேன். குரல் பிசகவில்லை. வேலை கிடைத்தது.

புதிய நாட்டில் கால் ஊன்ற எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். வருடங்களைக் கூட்டிச் சொன்னால் ஏமாறுகிறவர் முதலாளி. நான் சொன்னதில் அந்த மனிதர்கள் எப்படி வேலை செய்தார்கள் என்பதே அழிந்துபோனது. அவர்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பை, கிடைத்ததாகச் சொல்லி அதில் நான் பிழைத்தேன். என் தொழில் இன்று நன்றாக நடக்கிறது. எழுதிய ஒவ்வொரு தாளையும் வேலை செய்கிறவர் பக்கத்தில் நின்று, அவர் எங்கே தயங்குகிறார் என்று பார்த்துத் திருத்துகிறேன். அதனால் பழைய கணக்கு தீர்ந்துவிட்டதாக எண்ணவில்லை.

மார்கழி தரிசனத்துக்குச் சிதம்பரம் வந்தபோது, முதுநகரில் அந்த மூத்த ஆப்பரேட்டரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். “கனடாவுல என்ன வேலை சார்?” என்று கேட்டார். “கம்ப்யூட்டர் வேலைண்ணே” என்றேன். தொழிலாளிகளுக்குப் புரியும்படி செய்முறைத் தாள் எழுதுகிற வேலை என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பதிவேட்டில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.