செங்காந்தள் காய்க்கிறது யார் கையில?

யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் வீங்கி வர்றவங்களுக்கு நான் எழுதித் தர்ற மாத்திரைகள்ல ஒண்ணு கோல்ச்சிசின். அந்த மருந்துச் சத்து உள்ள கொடி, மழை பெய்ஞ்சா நம்ம மதுரைப் பக்கம் வேலியோரத்துலயே தலைகாட்டும்: கண்வலிக்கிழங்கு. நம்ம மாநிலப் பூவான செங்காந்தள் இதுதான்.

பூவை உத்துப் பாருங்க. பெண் பாகமான சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். இது பரம்பரை தந்த அமைப்பு. தன் மகரந்தம் தன்மேல் எளிதில் விழாது. பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வரணும். அதுங்க வருமா, மழை மகரந்தத்தைக் கழுவிடுமா என்பது சூழல் கையில்.

அதனால்தான் ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிரிடுறவங்க, காலையில் பூப்பூவா கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறாங்க.

வேலியோரக் கொடிக்கு அப்படி ஆள் கிடையாது. பூச்சி வரலைன்னா காய் இல்லை. அப்புறம் மண்ணுக்குள்ள இருக்கிற கிழங்குதான் அதுக்கு அடுத்த வருஷம்.

அதைத் தோண்டாதீங்க. நாட்டு மருந்துன்னு வாயிலயும் வைக்காதீங்க. உயிரைக் குடிக்கிற விஷம். யாராவது தின்னுட்டா, வாந்தி வரட்டும்னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.