ஓ.பி. சீட்டிலிருந்து ஆபா எண் வரை

மருத்துவமனைக்கு ஏற்ற மென்பொருளைத் தேர்ந்து, நிறுவி, அங்குள்ளோரைப் பழக்கி, பழுது நேர்ந்தால் வந்து சரிசெய்யும் பணியே மருத்துவத் தகவல் தொழில்நுட்ப ஆலோசனை எனப்படுவது. அத்தொழில் சிறு நிறுவனங்களாக வேரூன்றுவதற்குப் புதுச்சேரியைப் போல் இசைவான ஊர்கள் குறைவு. 1823-இல் பிரெஞ்சு ஆட்சியில் தோன்றிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், கதிர்காமத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி, தவளக்குப்பத்தில் 2003 முதல் இயங்கும் அரவிந்த் கண் மருத்துவமனை, தனியார் மருத்துவக் கல்லூரிகள், நர்சிங் ஹோம்கள், ஸ்கேன் மையங்கள், லேப்கள் என ஒரு சிறு நிலப்பரப்பில் மருத்துவம் இங்கே அடர்ந்து கிடக்கிறது. விழுப்புரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ பேருந்தேறி வருபவர் ஜிப்மரில் ஓ.பி. சீட்டு வாங்கி, ஒரு பரிசோதனையை வெளி லேபில் செய்துகொண்டு, தொடர்ச் சிகிச்சையைத் தம் ஊர் அரசு மருத்துவமனையில் பெறும்போது, ஒரே உடலின் வரலாறு இரண்டு அரசுகளின் ஏடுகளிலும் ஒரு மஞ்சப்பையிலுமாகப் பிரிந்துவிடுகிறது.

இந்தச் சிதறலை இணைக்க முனைந்த தேசிய முயற்சியும் இவ்வூரைத் தொட்டே தொடங்கியது. 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட தேசிய டிஜிட்டல் சுகாதார இயக்கம் முதலில் ஆறு ஒன்றியப் பிரதேசங்களில் வெள்ளோட்டம் விடப்பட்டபோது புதுச்சேரியும் அவற்றுள் ஒன்று. 2021 செப்டம்பர் 27 முதல் அது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடெங்கும் விரிந்தது. விரும்புவோர்க்கு ஆபா எனப்படும் 14 இலக்க எண், அதனோடு இணையும் பதிவுகள், நோயாளி இசைந்தால் மட்டும் ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொன்று பார்க்கும் வழி என அதன் அமைப்பு எளிதாகவே தோன்றும். ஆனால் பதிவுகள் எஃப்.ஹெச்.ஐ.ஆர். என்னும் வடிவில், அதாவது வெவ்வேறு மென்பொருள்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளத்தக்க பொது வடிவில், அமைய வேண்டும் என்பதும், மென்பொருள் முன்கூட்டியே சாண்ட்பாக்ஸ் எனப்படும் சோதனைக் களத்தில் தேறியாக வேண்டும் என்பதும், இருபது படுக்கை நர்சிங் ஹோமை நடத்தும் மருத்துவர் ஓ.பி. நேரத்துக்கு நடுவே கற்றுக்கொள்ளக்கூடியவை அல்ல. சிறு ஆலோசகருக்கு வேலை கிடைப்பது இங்குதான்.

அந்த வேலையில் நிரலைவிட மனிதர் பெயரே அதிகம் சோதிக்கிறது. தமிழர் தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுவோர். வெளிநாட்டு வார்ப்பில் அமைந்த மென்பொருளோ முதற்பெயர், குடும்பப்பெயர் என்னும் இரண்டு கட்டங்களும் நிரம்பாமல் நகராது. பதிவு கவுன்டரில் ஒருமுறை தந்தை பெயரையும் மறுமுறை கணவர் பெயரையும் தட்டிவிட்டால் ஒரே பெண் இரண்டு நோயாளிகளாகிவிடுகிறார். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததை ஒட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்த குடும்பங்களின் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் முன்னால் நிற்பது புதுச்சேரிக்கே உரிய கூடுதல் சிக்கல். பென்சிலின் ஒவ்வாமை ஒரு கோப்பிலும் மருந்துச் சீட்டு இன்னொன்றிலும் விழுமாயின் விளைவு எழுத்துப் பிழையோடு நில்லாது. ஆகவே நல்ல ஆலோசகர் சர்வர் அறைக்குப் போகுமுன் கவுன்டர் ஊழியரின் பக்கத்தில் சில நாட்கள் உட்கார்கிறார். இதற்குத் தனியே கட்டணம் எழுத எவரும் துணிவதில்லை என்பது வேறு.

மென்பொருளைக் காட்டிலும் நடைமுறையைத் திருத்துவதே பெரும்பணி என்பதற்கு மதுரையில் சான்று உண்டு. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த், 1992-இல் லைக்கோ என்ற பயிற்சி, ஆலோசனை நிறுவனத்தை அமைத்து, தன் மருத்துவமனை ஒழுங்கைப் பிற கண் மருத்துவமனைகளுக்குக் கற்பித்தது. சொந்த மருத்துவமனையின் பின்பலம் இல்லாத சிறு நிறுவனமோ அடுத்தவர் வார்டிலேயே தொழில் பயில வேண்டியிருக்கிறது.

வருமானம் பெரும்பாலும் ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ஓடுகிறது. அது நிதானமானது, தாமதமாக வருவது. ஐந்தாறு மருத்துவமனைகள் சேர்ந்ததும் எல்லா அழைப்பும் நிறுவனரின் கைபேசிக்கே வருவதால், வளர்ச்சி என்பது புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பதைவிட, நிறுவனரின் தலைக்குள் மட்டும் இருப்பதை எழுதிவைத்து மற்றவரிடம் ஒப்படைப்பதாகிறது. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் தகவலுக்கு மருத்துவமனையையே பொறுப்பாக்குவதால், உறவு முறியும் நாளில் பதிவுகள் யாவும் படிக்கத்தக்க வடிவில், தனிக் கட்டணமின்றித் திரும்பத் தரப்படும் என்ற விதியை ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே ஆலோசகர் தாமாக எழுதித் தருவது, மருத்துவரின் தயக்கத்தை விளம்பரங்களைவிட விரைவாகத் தீர்க்கிறது.