அந்தப் பசிக்குக் காரணம் நான்

தம்பிக்குத் தெரியாமல் அவன் சாப்பாட்டில் மாத்திரை கலந்து கொடுத்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருடக்கணக்கில். மனச்சிதைவு வந்த பிள்ளை இருக்கும் பல வீடுகளில் இது நடக்கிறது என்று தெரியும். அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள இதை எழுதவில்லை.

பக்கத்து வீட்டில் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ராத்திரி முழுக்கக் கதவோரம் உட்கார்ந்திருந்தான். தனக்கு நோய் என்பதை அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அப்படி ஒப்புக்கொள்ள முடியாமல் போவதும் அந்த நோயின் ஒரு பகுதிதான். முதலில் கொடுத்த ஹாலோபெரிடாலில் கழுத்து இழுத்துக்கொண்டது, கை நடுங்கியது. அதோடு மாத்திரை என்றாலே தட்டிவிட ஆரம்பித்தான். டாக்டர் ஓலன்சபினுக்கு மாற்றினார். "இப்போதைக்குச் சாப்பாட்டுல கலந்து குடுங்க. கொஞ்சம் தெளிஞ்சதும் அவர்கிட்ட சொல்லிடணும்" என்றார். மூன்று மாதத்தில் எடை, சுகர், கொழுப்பு எல்லாம் பார்க்கவேண்டும் என்று தனிச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு கரண்டிகளுக்கு நடுவே மாத்திரையை வைத்து நசுக்குவேன். தயிர்சாதத்தின் ஓரத்தில் தூவிப் பிசைந்து, மேலே நாரத்தங்காய் ஊறுகாய் வைப்பேன். முதல் கவளம் அதுவாகவே இருக்கும்படி தட்டைத் திருப்பி வைப்பேன். மிச்சம் வைத்துவிடக் கூடாதே என்று அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். அதைப் பாசம் என்று அவன் நினைத்தான்.

சில வாரங்களில் அவனுக்குக் கேட்ட குரல்கள் அடங்கின. மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் அளவுக்கு மீறிச் சுரக்கும்போது, சாதாரண இருமல்கூடத் தனக்கான சமிக்ஞையாகத் தோன்றுகிறது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகள் டோபமைன் ஏற்பிகளை இறுக்கமாக அடைத்துவிடும். கைகால் விறைப்பு அதனால் வருவது. 1990களில் புழக்கத்துக்கு வந்த ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் போன்றவை செரோடோனின் ஏற்பிகளையும் சேர்த்துத் தடுப்பதால் அந்த விறைப்பு குறைவு. ஆனால் ஓலன்சபின் ஹிஸ்டமின் ஏற்பிகளையும் விட்டுவைப்பதில்லை. தூக்கம் அழுத்தும், வயிறு நிறைந்தாலும் பசி நிற்காது. அமெரிக்காவில் நடந்து 2005இல் வெளியான கேட்டி ஆய்வில், மற்ற மருந்துகளைவிட ஓலன்சபினைத்தான் நோயாளிகள் அதிக நாள் தொடர்ந்தார்கள். மாதத்துக்குச் சராசரியாக 0.9 கிலோ எடை கூடியதும் அதில்தான்.

எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. தோசை வார்க்க வார்க்கத் தட்டு காலியானது. "சும்மா உக்காந்து தின்னே உடம்பை வளக்குறான்" என்று அம்மா திட்டுவார். அவன் வெட்கப்பட்டுப் பாதியில் எழுந்து போவான். கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் போடாமல் அடுக்களையில் பிஸ்கட் டப்பாவைத் திறப்பான். காரணம் தெரிந்த ஒரே ஆள் நான். வாய் திறக்கவில்லை.

சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவான் என்ற பயம் உண்மை. ஆனால் அவன் தெளிந்த பிறகும் சொல்லவில்லையே, அதற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. அவனிடம் கெஞ்சாமல், சண்டை போடாமல் நாள் நகர்ந்தது. அந்த நிம்மதியை விட மனசு வரவில்லை. ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனால் எதற்கு என்று கேட்பான் என்று, அந்தச் சீட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அதை நான் படித்திருந்தேன்.

தாகமும் அடிக்கடி சிறுநீரும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது சுகர் எகிறியிருந்தது. வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அங்கே கேட்டார்கள். அவன் "ஒண்ணுமில்ல" என்றான். நான் சொல்ல வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வரும்வரை அவன் பேசவில்லை. வந்ததும் கேட்டான்: "அம்மா என்னைத் திட்டறப்பல்லாம் நீ பக்கத்துலதானக்கா இருந்தே?"

அதன் பிறகு நான் பரிமாறியதை அவன் தொடவில்லை. ஆனால் டாக்டரிடம் தானே போனான். அரிபிப்ரசோல் என்ற மருந்தைப் பற்றி அவர் விளக்கினார்: டோபமைன் ஏற்பியை முழுக்க அடைக்காமல் ஓரளவு இயங்கவும் விடும், எடையும் அதிகம் ஏறாது. மெல்ல மெல்ல மாற்றினார்கள். தொடக்கத்தில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால் பரபரத்தது. அதை அவனே சொன்னான், அளவைக் குறைத்தார்கள். கலந்து கொடுத்த காலத்தில் இப்படி ஒரு வார்த்தை டாக்டர் காதுக்குப் போக வழியே இல்லை. உடம்பில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டியவனுக்கு மருந்து சாப்பிடுவதே தெரியாதபோது, மருத்துவர் எதை வைத்து அளவைத் தீர்மானிப்பார்? நான் அவனிடமிருந்து மறைத்தது மாத்திரையை மட்டுமல்ல.

இப்போது மாத்திரையை அவனே எடுத்துக்கொள்கிறான். சுகருக்கு மெட்பார்மினும் உண்டு. அந்தப் பசி மருந்தால் வந்தது, தன்னால் வந்ததில்லை என்று அம்மாவிடம் சொன்னதும் அவன்தான். அதையாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.