பூ வைக்காத தலையும் மல்லி வாசமும்

டூட்டி இல்லாத நாள்ல மட்டும் நான் போடுற பெர்ஃப்யூம் ஒண்ணு இருக்கு. மல்லியும் சம்பங்கியும் கலந்தது. அதைப் பத்தி ஒரு த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

இந்த வகைக்கு 'வைட் ஃப்ளோரல்'னு பேர். மல்லி, பிச்சி, மாலை கட்டுற சம்பங்கி, கார்டீனியா, ஆரஞ்சுப் பூ எல்லாம் இதுல சேரும். இதுல பல பூக்கள் இருட்டினதுக்கு அப்புறம்தான் நல்லா மணக்கும். ராத்திரியில பறக்குற அந்துப்பூச்சிக்கு நிறம் எதுக்கு? வெள்ளையும் வாசனையும் போதும்.

பாரிஸ்ல 1948-ல வந்த 'ஃப்ராகா'ங்கிற சம்பங்கி பெர்ஃப்யூமை இன்னிக்கும் கொண்டாடுறாங்க. நமக்கு அந்தச் சம்பங்கி கல்யாண மாலையிலயும் இருக்கும், சாவு வீட்டு மாலையிலயும் இருக்கும்.

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. சாப்பிட்டுட்டு இருந்தா அப்புறம் படிங்க.

எம்பிபிஎஸ் மைக்ரோபயாலஜி லேப்ல இன்டோல் டெஸ்ட்னு ஒண்ணு உண்டு. ஈ.கோலை பாக்டீரியா வளர்ந்த பெப்டோன் வாட்டர்ல கோவாக்ஸ் ரீஏஜென்ட் சில சொட்டு விட்டா, மேல செர்ரிப் பழச் சிவப்புல ஒரு வளையம் வரும். ட்ரிப்டோஃபேன்ங்கிற அமினோ அமிலத்தை உடைச்சு அது இன்டோல் ஆக்கியிருக்குன்னு அர்த்தம். நம்ம குடல்லயும் தினமும் இதே வேலை நடக்குது. மலத்தோட நாத்தத்துல இன்டோலுக்கும் ஒரு பங்கு உண்டு.

அதே இன்டோல்தான் மல்லிப்பூவுலயும் இருக்கு!

கொஞ்சமா இருந்தா பூ. அளவு கூடினா அந்துருண்டை. இன்னும் கூடினா, வேண்டாம் விடுங்க. அதைச் சுத்தமா எடுத்துட்டு செய்யுற மல்லி சென்ட் எல்லாம் சோப்பு மாதிரிதான் இருக்கும். எனக்கு அந்த லேசான அழுக்கு வேணும்.

போட்ட முதல் பத்து நிமிஷம் ரொம்பச் சத்தமா இருக்கும். கொஞ்ச நேரத்துல நம்ம மூக்கு பழகிடும், வாசனை போயிடுச்சுன்னு நினைச்சு மறுபடி அடிப்போம். போகல. லிஃப்ட்ல பக்கத்துல நிக்கிறவரைக் கேட்டா சொல்வார்.

வார்டுக்கு நான் போட்டுட்டுப் போகாததுக்குக் காரணம் இதுதான். கடுமையான வாசனை ஆஸ்துமாவையும் மைக்ரேனையும் சிலருக்குத் தூண்டிவிடும். மூச்சு வாங்கி நெபுலைசர் வச்சிட்டு உக்காந்திருக்கறவங்க பக்கத்துல பூந்தோட்டமா போய் நிக்கிறது நல்லாவா இருக்கும்?

இனி அம்மா கதை.

எங்க வீட்ல பூ கட்டுறதுல அம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பா போன பிறகு பூ வைக்கிறதை நிறுத்திட்டாங்க. இன்னிக்கும் பக்கத்து வீட்டுப் பொண்ணுங்களுக்கு நெருக்கமா கட்டிக் கொடுப்பாங்க. மிச்சம் இருந்தா சாமி படத்துக்கு. தனக்குன்னு ஒரு இணுக்கு கிடையாது. நான் எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கேன். "நாலு பேரு பேசுவாங்க"ன்னு முடிச்சிடுவாங்க. கட்டுற கைக்கு இல்லாத தீட்டு தலைக்கு மட்டும் எங்கிருந்து வருதுன்னு கேட்டா பதில் இல்லை.

ஒரு நாள் நான் இந்த பெர்ஃப்யூமை எடுத்தப்ப, "இங்கயும் கொஞ்சம் அடிடி"ன்னு கையை நீட்டினாங்க. அடிச்சேன். ரொம்ப நேரம் மோந்து பாத்தாங்க.

"புதுப் பூ மாதிரி இல்ல. ராத்திரி வச்சுப் படுத்து, காலையில தலகாணியில கிடக்குமே, அந்தப் பூ."

மைக்ரோபயாலஜி படிக்காமலே இன்டோலைக் கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனா அந்தத் தலகாணி எந்த வருஷத்தோடதுன்னு நான் கேக்கல.

அடுத்த மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்தியில அம்மா பக்கத்துல உக்காந்த அத்தை, "யாருடி மல்லி வச்சிருக்கா, இந்தத் தூக்கு தூக்குது?"ன்னு சுத்தி எல்லார் தலையையும் பாத்தாங்க. எதிர் வரிசைப் பொண்ணுங்க தலையில எல்லாம் கனகாம்பரம். அம்மா தலையை மட்டும் அவங்க பாக்கவே இல்லை.

அம்மா நிமிரல. "ரசம் ஊத்தச் சொல்லு"ன்னாங்க.

பாட்டில் இப்ப அம்மா பீரோவுல, பட்டுப்புடவைக்கு நடுவுல இருக்கு. கறை படியும், புடவையில படாம மணிக்கட்டுல மட்டும் அடிங்கன்னு சொல்லியிருக்கேன்.